தண்ணி வருது

வரைவு அறிக்கையின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அதில் ஏழாவது வரி செல்லக்கிளி. வயது அறுபத்தொன்று, பெண், வேலாயுதம் காலனி மூன்றாம் தெரு. கடைசிக் கட்டத்துக்கு ‘இறப்புக்கான காரணம்’ என்று தலைப்பு. அதன் கீழே எழுதியிருந்தது: எச்சரிக்கையைப் புறக்கணித்தது.

செல்லக்கிளியின் மகள் சந்தனச்செல்வி அதை ஓட்டல் அரங்கில் உட்கார்ந்து வாசித்தாள். வெளியே தூத்துக்குடி வைகாசி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. மேடையில் ‘பருவநிலை மாற்றத் தகவமைப்பு: கலந்தாய்வு’ என்று பதாகை. மேசைக்கு மேசை சின்னத் தண்ணீர்ப் பாட்டில்கள். ஒரு மடக்கு குடித்து மூடி வைத்தவை, மூடிகூடப் போடாதவை, திறந்ததையே மறந்து இன்னொன்றைத் திறந்தவர்களுடையவை. அம்மா இருந்தால் அத்தனையையும் ஒரு குடத்தில் ஊற்றியிருப்பாள். ஊற்றும்போது இவர்களை வைதுமிருப்பாள்.

அவளை அழைத்தது ‘பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி’ என்ற பெயரில். இறந்தவரின் பெயரை அறிக்கையில் வெளியிடக் குடும்பத்தின் கையெழுத்து வேண்டுமாம். அவளும் பொறியாளர்தான். சென்னையில், குழாயில் ஓடும் நீரை அளக்கும் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை. கட்டம் போட்டு எழுதுவது அவளுக்குப் புதிதல்ல. ஒரு கட்டம் இவ்வளவு நாறும் என்பதுதான் புதிது.

அறிக்கையைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்தின் ஆள் ஷாம். முப்பது வயது இருக்கும். மரியாதையானவன். இடைவேளையில் அவனைப் பிடித்தாள்.

"இந்த வரி எங்கேருந்து வந்தது?"

"ஃபீல்டு டேட்டா மேடம். காலைல ஆறு பத்துக்கு மைக் ஆட்டோ அந்தத் தெருவுக்குள்ள போயிருக்கு. ஆறு நாற்பதுக்கு வெள்ளம். முப்பது நிமிஷம் டைம் இருந்திருக்கு. ஆனா மாடிக்கு ஏறல."

"அதனால?"

"நாலு கேட்டகரிதான் இருக்கு மேடம். எச்சரிக்கை கிடைக்கல, கிடைச்சும் நகர முடியல, புறக்கணிச்சாங்க, மற்றவை. உங்கம்மா நல்லா நடக்கிறவங்கன்னு தெருவுல சொன்னாங்க."

"எங்கம்மா எச்சரிக்கையைக் கேட்டாங்க. கேட்டபடியே செஞ்சாங்க."

செத்தவீட்டுக்காரரைப் பார்ப்பதற்கென்று உலகத்தில் ஒரு பார்வை இருக்கிறது. ஷாம் அந்தப் பார்வையைப் பார்த்தான். "புரியுது மேடம்" என்றான்.

அவனுக்குப் புரியவில்லை. புரிய வேண்டுமென்றால் செல்லக்கிளி யாரென்று சொல்ல வேண்டும். கட்டம் அரை அங்குலம்தான் இருந்தது.

செல்லக்கிளி பிறந்தது தாமிரபரணிக் கரையில், நெல் விளையும் ஊரில். வாசலை விட்டு இறங்கினால் வாய்க்கால். துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த முத்துமணிக்கு வாக்கப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தாள். வந்த மறுநாள் புருஷன் ஒரு குடத்தைக் கையில் கொடுத்துத் தெருமுனை வரிசையைக் காட்டினான்.

"தண்ணிக்கு வரிசையா? இனி மூச்சு விடுததுக்கும் டோக்கன் குடுப்பாவளோ?" என்று கேட்டாளாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் அந்த வரிசையை நடத்துகிறவளே அவள்தான்.

பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. தண்ணீர்தான் எட்டு நாளைக்கு ஒரு முறை வந்தது. சில சமயம் பத்து நாள். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. வால்வு திறக்கும் சுடலைக்கண்ணன் சைக்கிளில் நீளமான இரும்புச் சாவியோடு வருவார், திறப்பார், போய்விடுவார். தெரு தூங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் செல்லக்கிளி சைக்கிளை மறித்தாள்.

"ஏ அண்ணாச்சி, தொறந்துட்டு ஒரு கொரல் குடுத்தா வாயி தேஞ்சிருமோ?"

"எத்தன தெருவுக்குத்தான் நான் கத்துவேன் தாயி? உனக்கு ஒரு போன் அடிக்கேன். நீ கத்து. உன் தொண்டைக்கு என்ன கொறச்சல்?"

அன்று தொடங்கியது. இருபத்திரண்டு வருஷம். போன் வந்ததும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பாள். ‘தண்ணி’யை இழுப்பாள், ‘வருது’வை வெட்டுவாள். தண்ணீ... வருது! அடுப்புகள் அணையும். தலையில் எண்ணெய் வைத்தவர்கள் அப்படியே ஓடிவருவார்கள். மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவன் வீட்டு வாசலில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருக்கும்: "அடுத்தவன் வீட்டுத் தண்ணிய குடிச்சா வயிறு ஊதிப் போவும்ல, ஏலே!"

முத்துமணி மாரடைப்பில் போன அன்று பிணம் கூடத்தில் கிடந்தது. விஷயம் தெரியாமல் சுடலைக்கண்ணன் போன் அடித்துவிட்டார். செல்லக்கிளி தலைமாட்டிலிருந்து எழுந்தாள். வாசலுக்கு வந்து ஒரே ஒரு தடவை, "தண்ணி வருது" என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அழுதாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "போங்கத்தா, போய்ப் புடிங்க. அவிய எங்கயும் போயிர மாட்டாவ" என்றாள்.

தண்ணீர் வந்தாலும் வேகம் இருக்காது. முழங்கால் உயரத்துக் குழாயில்கூட ஏறாது. அதனால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு முன்னால் குழி தோண்டி, அடியில் போய்க் குழாய் வைத்திருப்பார்கள். செல்லக்கிளி வீட்டுக் குழி நாலரை அடி. கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு நாளில் அவளே தோண்டியது. மூன்று படி. தெருத்தண்ணீர் விழாமலிருக்க ஓரடிச் செங்கல் வரம்பு, மேலே தகரம். கல்லூரி முதலாண்டில் நீரழுத்தம் பற்றிய கேள்விக்குச் சந்தனச்செல்வி இந்தக் குழியை வரைந்து விளக்கினாள். முழு மதிப்பெண். அம்மாவிடம் சொன்னபோது, "குழியில எறங்குனா தண்ணி வரும்னு படிக்கதுக்கா நாலு வருசம் ஃபீஸு?" என்றாள்.

மார்கழி பிறந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே தொடங்கியிருந்தது. மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும், அப்படி ஊற்றியது. மின்சாரம் இல்லை. சாயங்காலம் சந்தனச்செல்வி சென்னையிலிருந்து அம்மாவிடம் போனில் பேசினாள்.

"ஏளா, குடிக்கத் தண்ணி அரக்கொடந்தான் கெடக்கு. குழாய் வந்து ஒம்பது நாளாச்சு."

"மழைத்தண்ணியைப் பிடிம்மா."

"பிடிச்சுத் துணி தொவைக்கேன். துறைமுகத்து நெலக்கரித் தூசு படிஞ்ச ஓட்டுல வடியுதத என்னக் குடிக்கச் சொல்லுதியா, இஞ்சினியரு?"

சந்தனச்செல்வி சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது.

மறுநாள் காலையில் நடந்ததை எதிர்வீட்டுச் செல்வராணி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். செல்வராணி உப்பளத்தில் வேலை செய்பவள். கூட்டியோ குறைத்தோ பேசத் தெரியாதவள்.

விடிந்தும் விடியாமல் மைக் ஆட்டோ வந்தது. ஓட்டியவன் கிளைட்டன். மாதா கோயில் திருவிழா, மரண அறிவிப்பு, மீன் ஏலம் எல்லாம் சொல்லிக்கொண்டு போகிறவன். மேற்கே குளத்துக் கரை உடைந்துவிட்டதாக யாரோ அவனுக்குப் போன் செய்து, ‘தண்ணி வருதுன்னு சொல்லிட்டே போ’ என்றிருக்கிறார்கள். அவனும் அப்படியே சொன்னான். "தண்ணி வருது! தண்ணி வருது! எல்லாரும் வெளிய வாங்க!" வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த தெருவுக்கு ஓட வேண்டிய அவசரம்.

செல்லக்கிளி எழுந்து கொண்டையை முடிந்தாள். "இந்த மழையிலயும் மறக்காம தொறந்துவிட்டு, போன் கெடைக்கலன்னு ஆட்டோவுல சொல்லிவிட்டுருக்காரு பாரு சுடலைக்கண்ணன். அவரு நல்லா இருக்கணும்" என்றாள். கணுக்கால் தண்ணீரில் தெரு முழுக்க நடந்தாள். "ஆட்டோச் சத்தம் கேக்கலியா? ஏளா செல்வராணி, எந்திரி! தண்ணீ... வருது!" ஒரு வீடு விடவில்லை. அத்தனை பேரும் குடத்தோடு வாசலுக்கு வந்தார்கள்.

அவள் வீட்டுக் குழியின் வரம்பு உடையவில்லை. ஆனாலும் உள்ளே முழங்கால் அளவு மழைத்தண்ணீர். அதை இறைத்தால்தான் குழாய் வெளியே தெரியும். தகரத்தைத் தள்ளிவிட்டு வாளியோடு இறங்கினாள். "மொதல்ல கலங்கலா வரும். ஓடவிட்டுப் பிடிங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். கால் மணி நேரம் இறைத்தாள்.

சத்தம் கேட்டபோது செல்வராணி, லாரி வருகிறது என்று நினைத்தாள். மேற்கு முனையிலிருந்து வந்தது லாரி இல்லை. வரும்போதே இடுப்பளவு. மேலே நின்றவர்கள் கையிலிருந்த காலிக் குடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மிதந்தும் இழுபட்டும் மாடிவீட்டுப் படியைப் பிடித்தார்கள். குழிக்குள் நின்றவள் நாலரை அடி கீழே நின்றாள்.

"வாளி மேல வந்துச்சுளா" என்றாள் செல்வராணி. "நான் அதயே பாத்துட்டு நின்னேன். வாளி மட்டுந்தான் வந்துச்சு."

ரயிலும் பஸ்சும் நின்றுபோன ஊருக்குச் சந்தனச்செல்வி நான்காம் நாள் நடந்து வந்து சேர்ந்தாள். தெருவில் கிடந்ததைச் சேறு என்று சொன்னால் சேற்றுக்கு அவமானம். கக்கூஸ் தொட்டிகள் திறந்து கொட்டியது, செத்த ஆடு, டீசல், கரி, யாரோ வீட்டு அரிசி ஊறிப் புளித்தது, எல்லாம் கரைந்த கருங்கூழ். குழி விளிம்பு வரை அதுதான். சுடலைக்கண்ணன் இறங்கினார். யாரையும் பக்கத்தில் வர விடவில்லை. தூக்கி வெளியே வைத்த பிறகு அந்தக் குழியின் ஓரத்திலேயே குந்திக்கொண்டு, "நான் தொறக்கலியே தாயி, நான் அன்னைக்குத் தொறக்கவே இல்லியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது நிவாரண வேன் நின்றது. ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க" என்றார். படம் எடுத்தார்கள். அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை நினைத்தால் இன்றும் உள்ளங்கை பிசுபிசுக்கிறது.

இடைவேளை முடிந்தது. திரையில் குடம் ஒன்று வந்தது. பக்கத்தில் சிரிக்கும் பெண்ணின் படம். ‘குடம்: உள்ளூர் மிதவை. சமூகத்தின் மரபார்ந்த தகவமைப்பு அறிவு.’ அரங்கம் கைதட்டியது. சந்தனச்செல்வி எழுந்தாள்.

"அந்தக் குடமெல்லாம் காலைல ஆறரை மணிக்கு ஏன் அவங்க கையில இருந்துச்சுன்னு கேட்டீங்களா?"

ஷாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். "முன்தயாரிப்பு... இல்லையா மேடம்?"

சாயங்காலம் அவனைத் தெருவுக்கே கூட்டிப்போனாள். தெருமுனையில் புதிதாக ஒரு கம்பம் நின்றது. உச்சியில் நான்கு ஒலிபெருக்கி. வெள்ளம் வந்தால் இனி அதுதான் பேசும். ஷாமுக்கு அதில் பெருமை. பதிவைப் போனில் போட்டுக் காட்டினான். நல்ல குரல், வானொலிக் குரல். ‘பொதுமக்கள் கவனத்திற்கு. தண்ணி வருது. தண்ணி வருது. உடனே வெளியே வரவும்.’

"வெள்ளம்னு போட்டா புத்தகத் தமிழா இருக்கும்னு, மக்கள் பேசுற மாதிரியே வச்சிருக்கோம் மேடம்."

சந்தனச்செல்வி கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். அம்மாவைக் கொன்ற அதே இரண்டு சொல். இப்போது துருப்பிடிக்காத எஃகுக் கம்பத்தில்.

"சோதனை எப்போ?"

"அடுத்த வாரம். நோட்டீஸ் குடுத்துட்டு."

"நோட்டீஸ் குடுத்தா அது சோதனை இல்ல, நாடகம். குடுக்காம செய்யுங்க. ஒரே ஒருத்தர் மாடி ஏறினாலும் உங்க வரி அப்படியே இருக்கட்டும், நான் கையெழுத்துப் போடுறேன். யாரும் ஏறலேன்னா ‘புறக்கணித்தது’ங்கிற சொல் போகணும். ‘எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்தது’ன்னு வரணும்."

ஷாம் செல்லக்கிளி இறங்கிய குழியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "சரி மேடம்" என்றான்.

சுடலைக்கண்ணனுக்குப் போன் செய்து கடைசியாகத் தண்ணீர் விட்ட நாளைக் கேட்டு, எட்டாம் நாளைக் குறித்தாள். காலை ஒன்பது மணி. தெருவில் ஒருவருக்கும் சொல்லவில்லை, செல்வராணிக்கும். சோறு போட்ட வீடுகளை எலிக்கூண்டாக வைத்துப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே ஓர் அருவருப்பு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கம்பம் பேசியது. தெரு ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு கதவுகள் திறந்தன. பச்சைக் குடம், நீலக் குடம், இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு.

"ஏளா, ஸ்பீக்கர்லயே சொல்லுதாவளே!"

"செல்லக்கிளி போனதுக்கு இப்பமாது ஆள் போட்டாவளே."

"இது கொரலே சரியில்ல. வருதுவ இழுக்கா பாரு, பள்ளிக்கூடத்து டீச்சரு மாதிரி."

ஷாம் கையிலிருந்த டேப்லெட்டில் ‘மாடிக்குச் சென்றோர்’ என்ற கட்டம் காலியாகவே இருந்தது. இவ்வளவும் சந்தனச்செல்வி எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. செல்வராணி தன் வீட்டுக் குழியின் தகரத்தைத் தூக்கிப் போட்டாள். சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். தலை வரம்புக்குக் கீழே மறைந்தது.

சந்தனச்செல்வி ஓடினாள். "சித்தி! ஏறுங்க! மேல ஏறுங்க சித்தி!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. குப்புறப் படுத்துக் குழிக்குள் கையை விட்டாள்.

செல்வராணி குழாயில் கை வைத்தபடி அண்ணாந்து பார்த்தாள். "காத்துதாம்ளா வருது. நீ எதுக்கு இப்பிடிக் கத்துத?"

மேலே வந்து, ஷாமையும் கம்பத்தையும் டேப்லெட்டையும் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. குடத்தைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள்.

"எங்கள வச்சு வேடிக்கை பாத்தியோ? நீ செல்லக்கிளி மவதானா? அவ ஒருநாளும் தண்ணி வராம ‘தண்ணி வருது’ன்னு சொன்னதில்ல."

 அம்மா செத்த காலையில் தெரு முழுக்க எழுந்து வந்ததற்கும் அதுதான் காரணம்.

செல்வராணி அன்றைக்கு அதற்குமேல் சந்தனச்செல்வியோடு பேசவில்லை. ஷாமிடம் பேசினாள்.

"வெள்ளம் வந்தா என்ன சொல்லணும்னு கேக்கியா தம்பி? எழுதிக்க. கொளம் ஒடஞ்சிட்டு. குடத்தைப் போட்டுட்டு மாடிக்கு ஏறுங்க."

"குடம்... மிதக்குமேம்மா. அது உதவியாத்தானே—"

"நீ மிதந்து பாத்தியா?"

ஷாம் டேப்லெட்டில் எழுதிக்கொண்டான்.

"‘குடத்தைப் போட்டுட்டு’ங்கிறத மொதல்ல சொல்லு. அதச் சொல்லாட்டா இங்கன ஒருத்தி ஏற மாட்டா."

பதிவை மாற்றினார்கள். வானொலிக் குரல்தான். ஆனால் செல்வராணியின் சொல்.

சந்தனச்செல்வியின் கையெழுத்துக்குக் காத்திராமலே அறிக்கை அதற்குள் அச்சாகிவிட்டது. ஆனி கடைசியில் ஷாம் ஒரு பிரதி அனுப்பினான், உறைக்குள் ஒரு துண்டுக் குறிப்போடு. ஐந்தாவதாக ஒரு கேட்டகரி சேர்க்கக் குழு ஒப்பவில்லை. தன்னால் முடிந்தது பிழைதிருத்தப் பட்டியல் மட்டும். மன்னிக்கவும். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது:

பக்கம் 12: ‘தாமிரபரனி’ என்பதைத் ‘தாமிரபரணி’ என வாசிக்கவும்.
பக்கம் 41, வரிசை 7: ‘எச்சரிக்கையைப் புறக்கணித்தது’ என்பதை ‘எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்தது’ என வாசிக்கவும்.
பக்கம் 58: ‘உப்பலம்’ என்பதை ‘உப்பளம்’ என வாசிக்கவும்.

இரண்டு எழுத்துப் பிழைகளுக்கு நடுவில் அம்மா. சந்தனச்செல்வி அதை எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஊருக்கு வந்தாள். செல்வராணி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சந்தனச்செல்வி வாசலில் நின்றே அந்த வரியை வாசித்துக் காட்டினாள்.

"என்னது? திருப்பி வாசி."

"எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்தது."

செல்வராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். "கீழ்ப்படிஞ்சாளா? செல்லக்கிளியா? கட்டுன புருசன் பேச்சே கேக்க மாட்டா. அவ யாருக்குளா கீழ்ப்படிஞ்சா?"

சந்தனச்செல்வியும் சிரித்தாள். மார்கழிக்குப் பிறகு முதல் முறை. சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. செல்வராணி அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள்.

"அப்போ என்ன எழுதணும் சித்தி?"

செல்வராணி யோசித்தாள். நெடுநேரமெல்லாம் ஆகவில்லை.

"‘நம்புனா’ன்னு எழுது."

அது வழுவழுப்பான விலை உயர்ந்த தாள். பேனா பிடிக்கவில்லை. சந்தனச்செல்வி நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து, ஏழாவது வரியின் கடைசிக் கட்டத்தில் அச்சான சொல்லை அடித்தாள். மேலே இருந்த அரை அங்குல இடத்தில் அழுத்தி எழுதினாள். பதியாத எழுத்துகளின் மேல் இரண்டாம் முறையும் எழுதினாள்.

எச்சரிக்கையை நம்பியது.